பேராண்டியின் பிளக்ஸும் ஒரு டம்ளர் தண்ணியும்

வாடா கண்ணு, உட்காரு. அந்தத் தூணுல சாயாதே, ஆடுது. உன் யாவாரம் மாதிரியே.

செம்மேட்டுல உன் பிளக்ஸைப் பார்த்தேன். பத்தடி நீளம், ஆறடி ஒசரம். நடுவுல நீ, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு. எந்தக் கட்சிக்காரனுக்கோ பொறந்தநாள் போலன்னு நெனைச்சு நானும் தாண்டிப் போயிட்டேன். அப்புறம் மூக்கு ஜாடை இடிக்குதேன்னு திரும்பி வந்து பார்த்தா, உன் முழங்கைக்குக் கீழ சுண்டைக்காய் அளவுல 'மிளகு, காப்பிக்கொட்டை, சாமை கிடைக்கும்'னு எழுதியிருக்கு. மிளகு விக்கறவனுக்கு மொகம் என்னத்துக்குடா? மொகத்தைக் காட்டி ஆளை இழுக்க நம்ம கொல்லிமலையில ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. கொல்லிப்பாவை. சிரிச்சே கிட்ட வரவழைச்சுக் கொன்னுடுவாளாம். அவளுக்கென்ன, வந்தவன் ரெண்டாவது தடவை வரணும்னு கவலையா?

சரி, கணக்கைச் சொல்லு. கையில இருந்தது எட்டாயிரம். பிளக்ஸுக்கு எவ்வளவு போச்சுன்னு நான் கேக்கலை, நீயும் சொல்லாதே, உங்க ஆயா காதுல விழும். அப்புறம் போன்ல ஏதோ பூஸ்ட் பண்ணினேன்னியே, எனக்குப் பூஸ்ட்டுன்னா பால்ல கலக்கறதுதான் தெரியும். ஆயிரம் பேர் பார்த்தாங்கன்னு துள்ளிக் குதிச்சே. எந்த ஊரு ஆயிரம் பேர்னு கேட்டேன். பாதிப் பேருக்குத் தமிழே தெரியாதுன்னு உன் தங்கச்சிதான் சொன்னா. அதுக்கு மேல, வீடியோ எடுக்கறேன்னு ஒருத்தன் வந்தான். ரெண்டு நாள் தங்கினான், நாட்டுக்கோழி தின்னான், தேன் ஒரு பாட்டில், மிளகு ஒரு கிலோ 'சாம்பிளு'ன்னு வாங்கிக்கிட்டு எறங்கிட்டான். வீடியோவுல அருவி வந்துச்சு, கோழி வந்துச்சு, கோழியைத் தின்ன அவன் வந்தான். உன் கடை மட்டும் வரலை.

கோவிச்சுக்காதே. உன் மேல தப்பில்லை. விளம்பரம்னா ஆளைக் கூட்டியாறதுன்னு நீ நெனைச்சுட்டே. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் ஒருத்தன் கவரைத் தேடிக்கிட்டு, புள்ளைங்க தலையைச் சன்னலுக்கு வெளிய தொங்கவிட்டுக்கிட்டு, அத்தனை பாடும் பட்டு மேல வர்றான். அவனை நீ கூப்பிட்டியா? ஆகாய கங்கை கூப்பிடுச்சு. அறப்பளீஸ்வரர் கூப்பிட்டார். எட்டுக்கை அம்மன் கூப்பிட்டா. கூட்டியாற வேலையைத் தண்ணியும் சாமியும் சம்பளம் வாங்காமப் பண்ணுது. வந்தவன் கையில உன் பொருள் ஏறணும், அவன் கீழ போன பொறவு உன் நெனப்பு வரணும். அந்த ரெண்டு எடத்துலதான் உனக்கு வேலை. அந்த ரெண்டுக்கும் நீ ஒரு ரூபா செலவழிக்கலை.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் முடவாட்டுக்கால் சூப்பு விக்கிறாளே உன் சின்னத்தை, அவ கடையில ஒரு நாள் போய்ச் சும்மா குந்தியிரு. காலேஜுல மூணு வருசம் படிச்சதை அவ ஒரு மத்தியானத்துல சொல்லித் தருவா. அவகிட்ட போர்டு கெடையாது. என்ன இருக்கு? மேசை மேல கிழங்கு குமிச்சு வச்சிருக்கா. பழுப்பு மயிரோட, அறுத்த ஆட்டுக்கால் கணக்கா. டவுன்காரன் பார்த்தா நிக்காமப் போக மாட்டான். 'இது என்னம்மா, கறியா?'ம்பான். முடிஞ்சுது, பாதி யாவாரம் அந்தக் கேள்வியிலயே முடிஞ்சுது. நீ பணம் கொடுத்து ஆளை நிறுத்தப் பார்க்கறே, அவ கிழங்கை வச்சு நிறுத்தறா. அவ உடனே பதில் சொல்ல மாட்டா, கவனிச்சிருக்கியா? ஒரு கிழங்கை எடுத்துச் சிரிச்சுக்கிட்டே அவன் கையில கொடுத்துடுவா. அவன் அதைத் தடவிப் பார்ப்பான், பொஞ்சாதிகிட்டக் காட்டுவான், புள்ளை பயந்து கத்தும், போட்டோ எடுப்பான். அதுக்குள்ள மூடியைத் தொறப்பா. சீரகம், பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம், எல்லாம் கொதிச்சு ஆவி மூஞ்சியில அடிக்கும். மலைக்குளிர்ல அந்த வாசத்தைத் தாண்டிப் போறவன் எவன்?

ஆகாய கங்கைக்கு எறங்கி ஏறினவன் ஆயிரத்துக்கும் மேல படி ஏறி வர்றான். கால் ரெண்டும் கெஞ்சிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல 'கால்'னு பேரு இருக்கற கிழங்கைக் காட்டறா பாரு, அவளுக்கு யாருடா சொல்லிக் கொடுத்தது? குடிச்சு முடிச்சதும் 'வீட்டுலயும் வச்சுக் குடிக்கலாங்க, தோலைச் சீவிட்டு நறுக்கிப் போடுங்க'ன்னு செய்முறை சொல்லுவா. கிழங்கு ஒண்ணு விக்கும். 'சூப்புல காரம் நல்லா இருக்கே'ம்பான். 'நம்ம காட்டு மிளகுங்க.' அதுவும் ஒரு பொட்டலம் போகும்.

வல்வில் ஓரின்னு செம்மேட்டுல செலை வச்சிருக்காங்களே, அவன் ஒரே அம்புல அஞ்சு உசுரை அடிச்சான்னு வன்பரணர்னு ஒரு புலவர் புறநானூத்துல பாடியிருக்காராம். யானை, அதைத் தாண்டிப் புலி, அப்புறம் மான், பன்னி, கடைசியில புத்துல இருந்த உடும்பு. புலவர் கொஞ்சம் தாராளமாத்தான் சொல்லியிருப்பார்னு நான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன், சின்னத்தை கடையைப் பார்க்கற வரைக்கும். ஒரு கிளாஸ் சூப்புல அவ அடிக்கறதை எண்ணிப் பாரு. காசில்லாதவன் கையில ஒரு அம்புதான் இருக்கும். அதை நீ செம்மேட்டுல கம்பத்துல கட்டித் தொங்கவிட்டுட்டு வந்திருக்கே.

அதே பாட்டுல இன்னொரு விசயம் வாத்தியார் சொன்னார். வேட்டையில இருந்த அவனை யாருன்னு தெரியாமப் பாணருங்க அவன் முன்னால பாடினாங்களாம். தன் பேரு காதுல விழுந்ததும் அவன் வெக்கப்பட்டானாம். வெக்கப்பட்டுக்கிட்டே மான்கறியும் கள்ளும் கொடுத்துப் பொன்னும் கொடுத்து அனுப்பிச்சானாம். சோத்தைப் போட்டான், பேரைப் பேசலை. தின்னவங்க பேசினாங்க. ஆடி 17, 18ல சர்க்காரே பந்தல் போட்டு இன்னிக்கும் விழா எடுக்குது. உன் பிளக்ஸு ரெண்டு மழை தாங்குமா?

ஆனா சின்னத்தைகிட்ட ஒண்ணு மட்டும் கத்துக்காதே. யாவாரம் சூடு பிடிச்சா அவளுக்கு நாக்கு நீளும். மூட்டு வலி போகும்பா, முதுகு வலி போகும்பா, கூட்டம் கூடினா சக்கரை நோயும் போகும்பா. ஒரு நாள் ஒரு பெரியவர், ரிட்டயர்டு டாக்டராம், மூணு கிளாஸ் குடிச்சுட்டு, 'ஏம்மா, ருசியா இருக்குன்னு சொன்னாலே நான் வாங்குவேனே, எதுக்கு என் தொழிலைக் கெடுக்கறே?'ன்னார். நோய் தீர்க்கும்னு கண்டபடி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1954லயே சட்டம் இருக்குன்னும் சொல்லிட்டுப் போனார். இன்னொண்ணு, அந்தக் கிழங்கு பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற பெரணி. வெதைச்சு அறுக்கற பயிரில்லை. எல்லாரும் சொரண்டி எடுத்தா, நாளைக்கு மேசையும் அடுப்பும் இருக்கும், கிழங்கு இருக்காது. யாவாரம் நல்லா நடந்தே முழுகிப்போன கடைங்களும் உண்டு கண்ணு.

இப்ப உன் மிளகுக்கு வர்றேன். வெக்கத்தை விட்டு ஒரு கதை சொல்றேன், உங்க ஆயாகிட்டச் சொல்லிடாதே. அவளுக்குத் தெரியும், ஆனா நான் சொல்லி அவளுக்குத் தெரியாது. எனக்கு முப்பது வயசு இருக்கும். அந்த வருசம் காய்ப்பு இல்லை. கீழ இருந்து மூணு வருசமா என்கிட்டயே வாங்கற ஒரு செட்டியார் வந்தார். கால் மூட்டைக்கு எடை பத்தலை. பின்னால பப்பாளி மரம் நின்னுது. பப்பாளி விதையைக் காய வச்சா அச்சு அசல் மிளகு. ரெண்டு படி கலந்தேன். செட்டியார் ஒண்ணும் பேசலை. 'ஒரு சொம்பு தண்ணி குடுப்பா'ன்னார். தாகம்னு நெனைச்சுக் கொண்டாந்து கொடுத்தேன். குடிக்கலை. ஒரு பிடி அள்ளி உள்ள போட்டார். மிளகு அடியில போச்சு, பப்பாளி மெதந்துச்சு. நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டு நின்னேன். 'தண்ணி நல்ல தண்ணிப்பா, பொய் பேச மாட்டேங்குது'ன்னு சொல்லிட்டு, முழுசுக்கும் காசு கொடுத்துட்டு எறங்கிப் போனார். அப்புறம் வரவே இல்லை. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

அந்தச் சொம்பை உனக்குத் தர்றேன். சொம்பு வேணாம், கண்ணாடி டம்ளர் வாங்கு, உள்ள நடக்கறது தெரியணும். கடை வாசல்ல தண்ணி ஊத்தி வை. வர்றவன் கையிலயே மிளகைக் கொடுத்துப் போடச் சொல்லு. நீ போடாதே, அவன் போடணும். ஒண்ணு ரெண்டு மெதக்கும், அது பொக்கு. 'இதையும் பொறுக்கி எறிஞ்சுட்டுத்தான் தருவேன்'னு சொல்லி அவன் கண் முன்னாலேயே எறி. போனை எடுத்துப் படம் பிடிப்பான். பிடிக்கட்டும், அந்த வீடியோவுக்கு நீ கோழி அடிக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போய்த் தன் வீட்டு மிளகையும் தண்ணியில போட்டுப் பார்ப்பான். அங்க நாலு மெதந்துச்சுன்னா, உனக்கு ஃபோன் வரும்.

இதெல்லாம் பட்டிக்காட்டு வித்தைன்னு சிரிக்காதே. கடலூர்க்காரர் ரங்கநாதன் 1983ல வெறும் 15,000 ரூபாயோட ஷாம்பு யாவாரத்துல எறங்கினார். சின்னப் பாக்கெட்டுல ஷாம்பு அடைக்கறதுக்கு அவரோட அப்பா ஏற்கெனவே வழி காட்டியிருந்தார். பெரிய கம்பெனிங்க கூட விளம்பரத்துல மோத இவர்கிட்டப் பணமில்லை. ஊர் ஊராப் போய், கூட்டத்துல ஒரு பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லார் முன்னாலயும் தலைக்குத் தேச்சுக் கழுவி, 'தொட்டுப் பாருங்க'ன்னு விட்டாங்க. காலிப் பாக்கெட் அஞ்சைத் திருப்பிக் கொண்டாந்தா புதுசு ஒண்ணு இனாம்னாங்க. அங்க பையன் தலை, இங்க டம்ளர் தண்ணி. அம்புட்டுத்தான் வித்தியாசம். நீயும் ஒரு கிலோ மூட்டையைக் காட்டி மெரட்டாம, அம்பது கிராம் பொட்டலம் போடு. பொழுது சாயற நேரத்துல வர்றவன் பர்ஸுல பெட்ரோலுக்குப் போகச் சில்லறைதான் மிச்சம் இருக்கும்.

பொட்டலத்துல என்ன போட்டிருக்கே, கொண்டா பார்ப்போம். 'கிரீன் கோல்டு ஆர்கானிக் ஹில்ஸ்.' படிக்கறதுக்குள்ள பல்லு சுளுக்கிக்குது. இந்தப் பேரை யோசிக்கறதுக்கா ஒருத்தனுக்குக் காசு கொடுத்தே? நம்ம சாமையில எத்தனை பேரு இருக்கு தெரியுமா? மல்லியச்சாமை, திரிகுலசாமை, கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. கேழ்வரகுல சுருட்டைக் கேழ்வரகு. சொல்லும்போதே வாய் நெறையுது. இதுல ஒண்ணை எழுதியிருந்தா வாங்கறவன் 'இது என்ன சாமைங்க?'ன்னு கேட்டிருப்பான். சின்னத்தை கிழங்குக்குக் கெடைச்ச கேள்வி உனக்கும் கெடைச்சிருக்கும். 'கிரீன் கோல்டு'ன்னா என்ன கேப்பான்? பெயிண்ட்டான்னு கேப்பான்.

அந்தச் சாமைக்கே ஒரு கதை இருக்கு. எங்க காலத்துல அதுதான் சோறு, அது இருந்தாலே ஏழை வீடு. அப்புறம் ரேசன் அரிசி வந்துச்சு. கீழ சேலத்துச் சவ்வரிசி ஆலைங்களுக்கு மரவள்ளி போனா கையில காசு. சாமைக் கொல்லையெல்லாம் மரவள்ளியாச்சு. பொம்பளைங்களைக் கேளு, அவளுங்க வேற காரணம் சொல்லுவாளுங்க. சாமையை ஒரலுல குத்தி உமி நீக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். அதைப் பொங்கித் தின்னுட்டு 'பழைய ருசியே தனி'ன்னு ஏப்பம் விட்டவனுங்க எல்லாம் ஆம்பளைங்க, நான் உட்பட.

தொண்ணூறுகள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து ஆளுங்க வந்தாங்க. வெதையைச் சேர்த்தாங்க. அப்புறம் உமி நீக்கற மிஷின் வந்துச்சு. பொம்பளைங்க குழுவாச் சேர்ந்து மிஷினைப் பார்த்துக்கிட்டாங்க. ஒரு வீட்டுச் சாமையை மட்டும் தூக்கிக்கிட்டுப் போனா நாமக்கல் கடைக்காரன் நிமிந்துகூடப் பார்க்க மாட்டான். பத்து வீட்டுதும் ஒண்ணாச் சேர்ந்து, சுத்தமா, ஒரே மாதிரி பொட்டலத்துல, கொல்லிமலைங்கற பேரோட போனப்போதான் பார்த்தான். சாமையை அப்படியே கொடுத்தா டவுன்காரிக்கு ஆக்கத் தெரியலை, அதனால ரவையா ஒடைச்சாங்க, சத்துமாவா அரைச்சாங்க. இதை வச்சு ஆராய்ச்சிக்காரங்க 2009ல கட்டுரையே எழுதினாங்களாம். ஐநா சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டுன்னு சொன்னதும் எங்க ஏழைக் கஞ்சி பணக்காரன் பத்தியமாயிடுச்சு. இன்னிக்கு உன் கடைக்கு வர்றவன் சாமைன்னதும் மொகம் சுளிக்காம இருக்கறானே, அதுக்குப் பின்னால அந்தப் பொம்பளைங்க அரைச்ச அரைப்பு இருக்கு. நீ என்ன பண்றே? சித்தப்பன் கடைக்கும் உன் கடைக்கும் நடுவுல தகரம் அடிச்சு வச்சிருக்கே. ரெண்டு பேரும் வேற வேற பிளக்ஸு, ஒரே மிளகு. ரெண்டு மொகமும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது. செம்மேடே சிரிக்குது.

எந்தப் பேரு வச்சாலும் பொட்டலத்துல எடை, வெலை, கட்டின மாசம், உன் வெலாசம் போடு, அது சட்டம். சாப்பாட்டுப் பொருளுக்குப் பதிவு நம்பர் வேணும். சின்னத்தை பதிஞ்சப்போ வருசத்துக்கு 100 ரூபாதான் கட்டினா. உன் கூலிங்கிளாஸ் எவ்வளவு? எல்லாத்துக்கும் மேல உன் போன் நம்பரைப் பெரிசாப் போடு. நீ சுண்டைக்காயா எழுதினதை யானையா எழுது, யானையா போட்டதைச் சுண்டைக்காயாக்கு. ஒரு கிலோ மிளகுக்காக எவனும் ரெண்டாந்தடவை 70 வளைவு ஏற மாட்டான். ஆனா மிளகு எறங்கிப் போகும். தபாலாபீசு எதுக்கு இருக்கு?

அப்புறம் ஒரு நோட்டு போடு. நாப்பது பக்க நோட்டு போதும். வாங்கினவன் பேரு, ஊரு, நம்பர், என்ன வாங்கினான். கேட்டு எழுது, திருட்டுத்தனமா எழுதாதே. தை மாசிக்கு மேல புது மிளகு காஞ்சதும் அவனுக்கு ஒரு சேதி: 'புது மிளகு வந்திருக்குங்க, போன தடவை கால் கிலோ வாங்கினீங்க.' அம்புட்டுத்தான். தெனமும் காலையில ரோசாப்பூவோட 'இனிய காலை வணக்கம்' அனுப்பாதே. எனக்கே நீ அனுப்பறே, நான் பக்கத்து ரூம்லதான்டா படுத்திருக்கேன்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு. பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயில்ல கூட்டம் எப்படி நெரியும்னு உனக்குத் தெரியும். செம்மேட்டுல ஓரி விழா, மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி வேற. பலாப்பழ நேரம். ஒரு பலாவை அறுத்துச் சொளையா வை, அன்னாசியைக் கீறி மிளகுத்தூளும் உப்பும் தூவி வை. மொதல் துண்டுக்குக் காசு வாங்காதே. தின்னவன் நாக்கைச் சப்புக் கொட்டுவான், அப்ப மட்டும் பேசு. பையில போட்டுக் கொடுக்கறதா இருந்தா மஞ்சப்பை. பிளாஸ்டிக் பை 2019லயே தடை. மஞ்சப்பை வெலைதான், ஆனா அதுல உன் நம்பர் இருந்தா நாமக்கல் சந்தைக்கும் போகும், ஈரோட்டு பஸ்ஸுலயும் போகும், ஒருத்தி மடியில உட்கார்ந்துக்கிட்டு ஓசியில ஊர் சுத்தும். நூறு பை மட்டும் அடி. ஆயிரம் அடிச்சா வெலை கொறையும்பான், நம்பாதே. மிச்சம் தொள்ளாயிரத்தை எலி தின்னும்.

உள்ளூர்க்காரனை மறந்துடாதே. சோளக்காட்டுச் சந்தைக்கு வர்ற டிரைவருங்க, டீக்கடைக்காரங்க, தங்கற விடுதியில அறை கூட்டறவங்க, இவங்களுக்கெல்லாம் காப்பித்தூள் ஒரு பொட்டலம் கொடுத்து வை. 'நல்ல மிளகு எங்க கெடைக்கும்?'னு வெளியூர்க்காரன் மொதல்ல கேக்கறது அவங்களைத்தான். உன் பிளக்ஸை எவனும் கேக்க மாட்டான். ஆனா பொருள் சொத்தையா இருந்தா டிரைவர் அதையும் சொல்லுவான், அதுக்கும் சேர்த்துத்தான் காப்பித்தூள்னு நெனைச்சுடாதே.

என்ன, எழுந்துட்டே? எங்க போறே? பிளக்ஸைக் கழட்டவா? அது அங்க இல்லை கண்ணு. நேத்து சாயங்காலமே நான் கழட்டிட்டு வந்துட்டேன். ஆட்டுக்கொட்டாய் ஒழுகுதுன்னு உங்க ஆயா ஒரு மாசமாப் பிடுங்கி எடுத்தா. மேல விரிச்சுக் கட்டியாச்சு. கொஞ்சம் தலைகீழாக் கட்டிட்டேன், கறுப்புக் கண்ணாடி கீழ வந்துடுச்சு, சாரல் தண்ணி உன் நெத்தி வழியா வழிஞ்சு போகுது. ஒரு சொட்டு உள்ள எறங்கலை. நல்ல துணிடா.

காலையில ரோட்டுல போன கார் ஒண்ணு நின்னுது. ஒரு அம்மா எறங்கி வந்து, 'ஏன் தாத்தா, ஆட்டுக்கு மேல யாரு தலைகீழாத் தொங்கறது?'ன்னாங்க. பேரன்னேன். என்ன பண்றார்னாங்க. மிளகு விக்கறான்னேன். நல்ல மிளகான்னாங்க. நான் ஒண்ணும் பேசலை. உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்தேன்.

ரெண்டு கிலோ போச்சு. காசு உங்க ஆயாகிட்ட இருக்கு, முடிஞ்சா வாங்கிக்கோ.